அண்ணாவின் இலை

உங்கள் கொள்ளுத்தாத்தா பெயர் உங்களுக்குத் தெரியுமா? வெட்கப்படாதீர்கள், மயிலாப்பூரில் பாதிப் பேருக்குத் தெரியாது. அமாவாசை தர்ப்பணத்தில் அப்பா பெயரைக் கணீரென்று சொல்வார்கள், தாத்தா பெயரைச் சுமாராகச் சொல்வார்கள், கொள்ளுத்தாத்தா முறை வந்ததும் இருமுவார்கள். அந்த இருமலைப் போக்கத்தான் மயிலை வம்சாவளி சங்கத்தை ஆரம்பித்தேன். சந்திரமௌலி, ஸ்தாபகர் என்று எழுதிக்கொள்ளுங்கள்.

தெற்கு மாட வீதியில் ஒரு மாடி அறை. ஞாயிறுதோறும் வகுப்பு நடக்கும். கிழவர்களிடம் எப்படிக் கேள்வி கேட்பது என்பது முதல் பாடம். யார் பிறந்தார்கள் என்று கேட்டால் மறந்துபோச்சு என்பார்கள். பங்காளிச் சண்டையில் யார் யாரை அடித்தார்கள் என்று கேட்டால் மூன்று தலைமுறை தானாக வந்து விழும். மாதத்தில் ஒரு நாள் கல்வெட்டும் கல்லறையும் பார்க்கப் போவோம். சங்கத்தால் நன்மை உண்டு, சில சங்கடங்களும் உண்டு. வக்கீல் ராமானுஜத்துக்கு சைதாப்பேட்டையில் ஒரு பங்காளி இருப்பதைக் கண்டுபிடித்துக் கொடுத்தோம். கண்டுபிடித்த கையோடு அந்த ஆள் செத்துப்போனார். பத்து நாள் தீட்டு, வக்கீல் வீட்டுக் கல்யாணம் நின்றுபோயிற்று. "ஓய், நான் உம்மைச் சொந்தம் தேடச் சொன்னேனா, தீட்டைத் தேடச் சொன்னேனா?" என்று கூட்டத்திலேயே கத்தினார்.

படம் வரையக் கற்றுக்கொடுத்தவர் ராயப்பேட்டை ஷரஃபுதீன். கடைப் பலகை எழுதுகிறவர். அவர்கள் குடும்பங்களில் வம்சத்தை ஷஜரா என்று மரமாக எழுதிவைக்கும் வழக்கம் உண்டு. அதே பாணியில் எங்கள் குடும்பத்துக்கும் பெரிய துணியில் ஒரு மரம் எழுதித் தந்தார். ஒவ்வொரு ஆணுக்கும் ஓர் இலை. உயிரோடு இருந்தால் பச்சை, போய்விட்டால் மஞ்சள். அப்படி ஓர் அழகை நீங்கள் பார்த்திருக்க முடியாது. அறுபத்துமூவர் உற்சவத்தன்று வீதியில் தொங்கவிட்டுக் கண்காட்சி வைப்பதாக ஊரெல்லாம் சொல்லிவிட்டேன்.

அந்த மரத்தில் என் அண்ணா விச்சுவின் இலை மஞ்சள். அவன் ஸ்திரீபார்ட் கட்டி நடிக்கிறேன் என்று ஒரு நாடகக் கம்பெனியோடு ஓடிப்போனவன். பன்னிரண்டு வருஷம் தகவல் இல்லை. அப்படிப்பட்டவர்களுக்குத் தர்ப்பையில் பொம்மை செய்து கொளுத்திவிடலாம் என்று சாஸ்திரம் இடம் கொடுக்கிறது. நான்தான் கொள்ளி வைத்தேன். பத்தாம் நாள் அவன் பெண்டாட்டி காமாக்ஷி மன்னிக்குத் தலையை மழித்தார்கள். அன்று அவள் அழுததை நினைத்தால் எனக்கே கஷ்டமாகத்தான் இருக்கிறது. ஆனால் பச்சையும் இல்லாமல் மஞ்சளும் இல்லாமல் ஓர் இலையை எத்தனை நாள் வைத்திருப்பது?

இந்தத் தை மாதம் அண்ணா வந்துவிட்டான். ரங்கூனில் இருந்தானாம். வாசலில் நின்று, "மௌலி, ஒரு டம்ளர் தீர்த்தம் குடுடா" என்றான். நீ செத்துப்போய்விட்டாய் என்று பக்குவமாகச் சொன்னேன்.

"அப்படியா? சொல்லவே இல்லையே. பதிமூணாம் நாள் சுபத்தன்னிக்கு வடை நன்னா இருந்துதா?" என்றான்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. காரியம் பண்ணிவைத்த புரோகிதர் வாத்தியாரைக் கூப்பிட்டுக் கேட்டோம். செத்தவன் திரும்பி வந்தால் அவன் புதிதாகப் பிறந்த மாதிரி. பெயர் வைப்பதிலிருந்து எல்லாம் மறுபடி செய்து, அதே பெண்டாட்டிக்கு மறுபடி தாலி கட்ட வேண்டும் என்றார். மாசிக் கடைசியில் நாள் குறித்தார். "தொட்டில்ல போடுவேளா ஓய்? கயிறு தாங்குமா?" என்று அண்ணா கேட்டான். இப்படி எல்லாமே அவனுக்கு விளையாட்டு.

மன்னிக்கு விளையாட்டு இல்லை. மழித்த தலையில் பூ நிற்காது, ஆகையால் காதில் செருகிக்கொண்டு என்னிடம் வந்தாள். "மௌலி, அவர் இலையைப் பச்சையாக்கிடுப்பா. ஊர் ஜனம் பாக்கணும். நான் மொட்டைத் தலையோட கோவிலுக்குப் போனப்போ ஒதுங்கினாளே, அவாள்ளாம் பாக்கணும்."

"அந்த மரத்துல உங்க பேரே இல்லையே மன்னி" என்றேன். நாங்கள் பெண்களை எழுதுவதில்லை.

"எனக்கு இலை எதுக்கு? அவரோடது பச்சையா இருந்தா எனக்குப் போறும்."

ஷரஃபுதீனிடம் போனேன். அவர் துணியைத் தடவிப் பார்த்தார். "பச்சைய சொரண்டிட்டு மஞ்சா போட்லாம் சாமி. மஞ்சா துணிக்குள்ள எறங்கிக்கீது. அத்த எங்க உஸ்தாத் வந்தாகூட பச்சையாக்க முடியாது. இன்னா இப்போ, புச்சா ஒரு துணில முதல்லருந்து எழுதிக்கலாம். அண்ணாத்த உசுரோட வந்துகிறாரு, அது பெர்சா, துணி பெர்சா?"

அவருக்குச் சொன்னால் புரியாது. உற்சவம் நெருங்கிக்கொண்டிருந்தது. வம்சாவளியில் பிழை கண்டால் உடனே திருத்து என்று வகுப்பில் நானே சொல்லித்தருகிறேன். மரமும் மனிதனும் ஒத்துப்போகவில்லை என்றால் இரண்டில் ஒன்றைத் திருத்த வேண்டும். மரத்தைத் திருத்த முடியாது என்று எழுதியவரே சொல்லிவிட்டார்.

அந்த மஞ்சள் வர்ணம் பொல்லாதது. அரிதாரம், பாஷாணத்தில் ஒரு வகை. கையைக் கழுவாமல் வாயில் வைக்காதீர்கள் என்று ஒவ்வொரு வகுப்பிலும் ஷரஃபுதீன் எச்சரிப்பார். எங்கள் வகுப்புகளில் நடைமுறைக்கு உதவாத பாடமே கிடையாது.

ஏகாதசி நாளாகத் தேர்ந்தெடுத்தேன். அதை நீங்கள் கவனிக்க வேண்டும். எனக்கு உபவாசம். மன்னி கைம்பெண், தலை மழித்த நாளிலிருந்து ஏகாதசியன்று பச்சைத் தண்ணீரோடு சரி. அண்ணா ஒருவன்தான் ஏகாதசியாவது மண்ணாவது என்று இலையைப் போடச் சொல்கிறவன். வேறு யாருக்கும் ஓர் ஆபத்தும் வரக்கூடாது என்று அவ்வளவு யோசித்திருக்கிறேன்.

மன்னி எலுமிச்சம்பழ சாதம் கலந்து வைத்திருந்தாள். மஞ்சளில் மஞ்சள் தெரியாது. "இன்னிக்கு நான் பரிமாறறேன் மன்னி" என்றேன். அவள் கண் கலங்கிவிட்டது. தம்பிக்கு மனசு இளகிவிட்டது என்று நினைத்திருப்பாள். அண்ணாவுக்கு இலை நிறையப் போட்டேன். "அடேடே, செத்தவனுக்கு இவ்வளவு உபசாரமா?" என்றான். நான் கோயிலுக்குப் போய்விட்டேன்.

திரும்பி வந்தபோது அண்ணா கூடத்தில் கிடந்தான். மன்னி அவன் சாப்பிட்ட இலைக்கு எதிரிலேயே சரிந்திருந்தாள். நெற்றியில் குங்குமம், காதில் பூ, வலது கையில் பருக்கை. புருஷன் சாப்பிட்ட இலையில் பெண்டாட்டி சாப்பிடுவது எங்கள் வீட்டு வழக்கம். புருஷன் வந்துவிட்டான், இனி ஏகாதசி எதற்கு என்று உட்கார்ந்திருக்கிறாள். அவ்வளவு பசி. ஆனால் தாலி இன்னும் ஏறவில்லை. முறைப்படி பார்த்தால் அவள் அன்றும் கைம்பெண்தான், சாப்பிட்டிருக்கக் கூடாது. அவள் சாஸ்திரத்தை மீறினால் அதற்கு நானா பொறுப்பு?

ஒருவர் மட்டும் என்றால் டாக்டர் வாந்திபேதி என்று எழுதியிருப்பார். ஒரே இலையில் இரண்டு பேர் என்றதும் உங்களுக்கு ஆள் அனுப்பிவிட்டார்.

அண்ணாவைக் கொன்றது நான்தான். மறைக்க ஒன்றும் இல்லை, மரம் இப்போது சரியாக இருக்கிறது; உற்சவத்தன்று அவசியம் போய்ப் பாருங்கள். ஆனால் நீங்கள் இரண்டு கொலை என்று எழுதியிருப்பது பிழை. அதைத் திருத்தாமல் நான் கையெழுத்துப் போட மாட்டேன். எங்கள் வம்சத்தில் போனது ஒருவன்தான். வேரிலிருந்து நுனி வரைக்கும் தேடிப் பாருங்கள், மன்னிக்கு அதில் இலையே கிடையாது.