முன் வரிசையில் தாலி

கிள்ளானிலிருந்து கோலாலம்பூரின் கேஎல் சென்ட்ரல் நிலையத்துக்குப் போகும் கொமுட்டர் ரயிலில் எனக்கு எதிரே இரண்டு தோழிகள் உட்கார்ந்திருந்தார்கள். ஒருத்தியின் கை முழுக்க அடிபட்டு நீலம் பூத்திருந்தது.

“தேக்வாண்டோ எடுத்திருக்கலாமே. நெஞ்சுக்குக் கவசமாவது கொடுப்பாங்க,” என்றாள் மற்றவள்.

“கவசத்து மேல அடிச்சா அது அடியா லா? கியோகுஷின் கராத்தேலதான் நேரா வாங்கணும், நேரா கொடுக்கணும்.”

“அப்ப தாலி?”

“போட்டின்னா கழட்டித்தான் ஆகணும். என் வீட்டுக்காரர் அதைத் தன் கழுத்துல போட்டுக்கிட்டு முன் வரிசையில உட்கார்ந்திருப்பாரு.”

“ஆம்பள கழுத்துலயா! யாரும் சிரிக்கலையா?”

“சிரிக்கட்டுமே. சண்டை முடிஞ்சதும் வேர்வையோட போய் நிப்பேன். எல்லார் முன்னாலயும் அவரே திரும்பக் கட்டிவிடுவாரு.”

தோழி அந்த நீலத்தை மெல்லத் தொட்டுப் பார்த்தாள்.

“இதுவரைக்கும் எத்தனை சண்டைடி?”

“நாலு.”

“அப்ப உனக்கு அஞ்சு தடவை கல்யாணம் ஆயிடுச்சு!”