ஸ்கோனில் விட்டுப்போன ஒன்று

ஹலோ... ஹலோ... ஆங், சொல்லுங்கக்கா. ஸ்பீக்கர்ல போட்டுட்டேன், ரெண்டு கையும் மாவு...

எல்லாம் எடுத்து வச்சாச்சு. மைதா, பேக்கிங் பவுடர், வெண்ணெய், சர்க்கரை, பால்... காலையில நீங்க ஃபோன்ல சொன்னபடி திராட்சையை டீத்தண்ணியில ஊறவும் போட்டாச்சு. மேசை மேல வரிசையா நிக்குதுங்க, போலீஸ் ஸ்டேஷன்ல அடையாளம் காட்ட நிறுத்தி வச்ச மாதிரி. இதுல எவன் வரலைன்னுதான் எனக்குத் தெரியணும்...

இல்லை இல்லை, சும்மா சொன்னேன்... சரி, சும்மா சொல்லலை. சந்தேகம்தான். நீங்களா ஃபோன் பண்ணி, நீங்களா "அந்த இங்கிலீஷ் பன்னு, ஸ்கோன் சுடச் சொல்லித்தரேன்"னா சந்தேகம் வராதா? ஒரே வீட்டுக்கு மருமகளா வந்து பதினெட்டு வருஷம் ஆச்சு. நீங்க மூத்தவங்க, நான் இளையவ. இத்தனை வருஷத்துல என்னைக்காவது ஒரு பக்குவத்தை எனக்கு முழுசாச் சொல்லியிருக்கீங்களா?...

மறதியா? உங்களுக்கா? சரி. முதல் தடவை பேக்கிங் பவுடரை மறந்தீங்க. நான் சுட்டதுல ஒண்ணு இன்னும் உங்க கொழுந்தனார் கடையில பில்லு பறக்காம இருக்க மேல உக்காந்திருக்கு. அடுத்த தடவை, வெண்ணெய் ஜில்லுனு இருக்கணும்கிறதை மறந்தீங்க. நான் ரொம்பப் பிரியமா உருக்கி ஊத்தினேன். கால்மிதி மாதிரி தட்டோட படுத்துக்கிச்சு... சிரிக்காதீங்க! அதையும் தின்னாரு பாவம், எதுக்கு வம்புன்னு...

சரி, சொல்லுங்க... ம்... ம்... விரல் நுனியால மட்டும் பிசறணும்... உள்ளங்கை படக்கூடாது... ரொட்டித்தூள் மாதிரி உதிர்ற வரைக்கும். ஏன் உள்ளங்கை படக்கூடாது?... ஓ, அதுல சூடு அதிகம், வெண்ணெய் இளகிடும்... இருங்க இருங்க. காரணத்தோட சொல்றீங்களே? இது புதுசால்ல இருக்கு...

ஆமா, ஆமா, பண்ணிட்டேதான் இருக்கேன்...

பின்னாடி யாரோ நம்பர் கூப்பிடறாங்களே, எங்க இருக்கீங்க?... பேங்க்லயா? சரி சரி...

திராட்சையைப் பிழிஞ்சு போட்டாச்சு. அடேயப்பா, குண்டு குண்டா ஊறியிருக்கு! உங்க வீட்டுல மட்டும் எப்படி இப்படி வருதுன்னு திராட்சைக் கடையையே மாத்திப் பார்த்தேன். டீத்தண்ணி! யாருக்குத் தோணும்?... பால் விட்டாச்சு. பிசையக் கூடாதா? சும்மா சேர்த்து அமுக்கினாப் போதுமா... ம், ரெண்டு விரல் கனம்...

அவன் அடுப்பு சூடாயிடுச்சுக்கா. உங்க கொழுந்தனாரும்தான், மணி பதினொண்ணாச்சு இன்னும் டிஃபன் வரலைன்னு...

டம்ளர் எடுத்துட்டேன், விளிம்புல மாவு தொட்டுட்டேன்... என்னது, திருகக் கூடாதா? நேரா அமுக்கி, நேரா தூக்கணுமா... திருகினா ஓரம் அடைச்சுக்கும், மேல எழும்பாது... அக்கா! நான் பதினெட்டு வருஷமாத் திருகிட்டிருக்கேன்! பக்கத்துலயே நின்னு பார்த்துட்டுத்தானே இருந்தீங்க? ஒரு வார்த்தை, ஒரே ஒரு இருமலாவது...

பாவமா இருந்துச்சா? யாருக்கு, மாவுக்கா?...

சரி, வச்சாச்சு. பன்னிரண்டு உள்ள போயாச்சு, கதவு மூடியாச்சு... ம்... இருங்க, இதுவரைக்கும் நீங்க மறந்ததையெல்லாம் எழுதி வச்சிருக்கேன், அதை ஒரு தடவை பார்த்துக்கறேன்...

அக்கா, ஒண்ணும் விட்டுப்போகலை.

அதான் சொல்றேன், ஒண்ணுமே விட்டுப்போகலை! நிஜத்தைச் சொல்லுங்க, என்ன வேணும் உங்களுக்கு? என் தையல் மிஷினா?... அது இல்லைன்னா, உங்க நாய்க்குட்டியை ஒரு மாசம் நான் வச்சுக்கணுமா? அது என் செருப்பைத் தின்னுட்டுப் போன கடுப்பே இன்னும்...

வெள்ளிக்கிழமையா? உங்க பையன் பொறந்தநாளுக்கு நான் சுட்டுக் குடுக்கணுமா?... குடுக்கறேன், அதுக்கென்ன. ஆனா ஏன் நான்? நான் சுட்டதுன்னாலே அவன் தலைதெறிக்க ஓடுவானே... நீங்க எங்க இருப்பீங்க அன்னைக்கு?...

அக்கா?... அன்னைக்கும் பேங்க் வேலைதானா?...

உங்க கொழுந்தனார் கடைக்குப் போகாம கூடத்துல உக்காந்து பேப்பர் படிக்கிறார். இன்னைக்கு ஞாயித்துக்கிழமை. எந்த பேங்க் திறந்திருக்குக்கா?...

ம்...

ம்...

ஆஸ்பத்திரியிலயா?... மார்புல கட்டியா! எந்தப் பக்கம்?... எப்பத் தெரிஞ்சுது?... மூணு வாரமாவா! இந்த மூணு வாரத்துல ரெண்டு தடவை என் வீட்டுக்கு வந்தீங்க. என் டீயைக் குடிச்சுட்டு, கழனித்தண்ணி மாதிரி இருக்குன்னு வேற சொன்னீங்க. இதைச் சொல்ல மட்டும் வாய் வரலையா?... மாமா கூட இருக்காரா?... ஃபாரம் எழுதப் போயிருக்காரா... நாளைக்குக் காலையில எட்டு மணிக்கு ஆபரேஷனா... கட்டியை எடுத்துப் பார்த்தாத்தான் எதுவும் சொல்ல முடியும்னாரா டாக்டர்... சரி. சரிக்கா...

அழலை. கை ரெண்டும் மாவு, மூக்கைத் துடைக்க முடியலை, அவ்வளவுதான்...

எந்த மாடி?... மூணு. ரூம்?... வரேன். வேணாம்னு நீங்க சொன்னா நான் என்னைக்குக் கேட்டிருக்கேன்? இது வெந்ததும் அவனை அணைச்சுட்டு நேரா வரேன்... அடுப்பைக்கா, அடுப்பை! இந்த நிலைமையிலயும் உங்களுக்குக் குறும்பு போகலை பாருங்க... இன்னைக்கு டெஸ்ட்டுக்காக ஒண்ணும் சாப்பிடக் கூடாதுன்னா என்ன, எடுத்துட்டு வரேன். மோந்து பார்த்துட்டு, சரியில்லைன்னு ரெண்டு குறை சொல்லுங்க, மனசு ஆறும்... உங்க மனசு இல்லை, என் மனசு...

என்ன? பாகா?... மேல ஊத்துற பாகை இன்னும் சொல்லலையா?...

நிறுத்துங்க. சொல்லாதீங்க.

ஆமா, கேட்டேன்தான். பதினெட்டு வருஷமாக் கேட்டேன். பொடிச்ச சர்க்கரை, எலுமிச்சைச் சாறு வரைக்கும் நானே கண்டுபிடிச்சேன். மூணாவது ஒண்ணு இருக்கே, அதுக்காக உங்க வீட்டு சிங்க்ல கிடந்த கரண்டியை நக்கிப் பார்த்திருக்கேன். சோப்பு ருசிதான் வந்துச்சு... நிஜமாத்தான்! சிரிங்க, நல்லாச் சிரிங்க, பக்கத்துல இருக்கிறவங்க பார்த்தாப் பார்க்கட்டும்...

ஆனா இன்னைக்கு வேணாம்க்கா. எல்லாத்தையும் என் தலையில இறக்கி வச்சுட்டு, அப்பாடான்னு போய்ப் படுத்துக்கலாம்னு பாக்கறீங்களா? நடக்காது. அது ஒண்ணை உங்ககிட்டயே வச்சுக்கோங்க. உங்களுக்குத்தான் மறைக்கிறது கைவந்த கலையாச்சே...

வெள்ளிக்கிழமை உங்க பையனுக்கு மேல ஒண்ணும் ஊத்தாம, மொட்டையாத்தான் குடுப்பேன். அவன் கடிச்சுட்டு மூஞ்சியைத் தூக்கட்டும். "சித்தி, என்னவோ குறையுது"ம்பான். "உங்கம்மா வந்து ஊத்துவாங்க, பொறுடா"ன்னு சொல்லிக்கறேன்...

இல்லை... இல்லைக்கா, கேக்க மாட்டேன். என் அடுப்படிக்கு வந்து, நின்னு, நான் தப்பாப் பண்றதைப் பார்த்துத் தலையில அடிச்சுக்கிட்டுச் சொல்லுங்க. ஃபோன்ல வேணாம்... மூத்தவங்கன்னு அதிகாரம் பண்ணாதீங்க... என்னது, ஒரு சிட்டிகை...

வச்சுட்டேன்! எனக்கு ஒண்ணும் கேக்கலை! ஃபோனை வச்சுட்டேன்க்கா!