வீட்டுக்காரர் பேரு

அறுபதுகளில் ஒரு காலை. ஜீவனஹள்ளியில் ரேஷன் கார்டுக்கு நின்ற வரிசையில் எனக்கு முன்னால் இரண்டு பெண்கள்.

"நேத்து என் வீட்டுக்காரர் பேரை ஏழு வாட்டி அழிச்சேன்" என்றாள் மூத்தவள்.

"என்னக்கா பேச்சு இது?"

"ஸ்லேட்டுல. பொம்பளைங்க கன்னட கிளாஸ்ல எழுதச் சொன்னாங்க, தப்புத் தப்பா வந்து அழிச்சு அழிச்சு எழுதிட்டேன். டீச்சரம்மா வாய்விட்டுப் படின்னாங்க. புருஷன் பேரை வாயால சொல்றதான்னு உக்காந்துட்டேன்."

"அப்புறம்?"

"உங்க வீட்டுக்காரர் பேரை நீங்க சொல்லுங்க பார்ப்போம்னேன். சிரிச்சிட்டு, போர்டுல எழுதினாங்க. அவங்க எழுதினதை நான் படிச்சேன், நான் எழுதினதை அவங்க படிச்சாங்க."

ஜன்னலில் குமாஸ்தா மூத்தவளிடம், புருஷன் பேர் என்ன என்று கேட்டார். வழக்கம்போல் அவளுக்குப் பதிலாக இளையவள் சொல்ல வாயெடுத்தாள்.

"நீ சும்மா இரு" என்று மூத்தவள் பேனாவுக்குக் கை நீட்டினாள். "நான் எழுதறேன் சார். நீங்க படிச்சுக்குங்க."