வைர வாடிக்கையாளர்

இந்த நாற்காலி நன்றாக இருக்கிறது, மேடம். முதுகுக்கு இதமாக இருக்கிறது. எங்கள் கடையில் இரண்டாவது மாடியில் இதே மாதிரி ஒன்று போட்டிருக்கிறார்கள், கைப்பிடி மட்டும் இன்னும் கொஞ்சம் அகலம். எங்கள் கடை என்றதும் நான் முதலாளி என்று நினைத்துவிடாதீர்கள். நான் அங்கே வாடிக்கையாளர். பள்ளிக்கூட அலுவலகத்தில் எழுத்தர் வேலை, சொந்தச் சம்பளம். கார்டு பில் வந்த அன்றைக்கே கட்டிவிடுவேன். அதனால் பணத்துக்காகச் செய்தேன் என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். மற்றதை நீங்கள் எப்படி எழுதினாலும் சரி.

ஒரு குடை வாங்கப் போன இடத்தில்தான் அந்தக் கார்டு என் கைக்கு வந்தது. பில் போடுகிற இடத்துக்குப் பக்கத்தில் ஒரு சின்ன மேஜை. அதன் பின்னால் சிரித்த முகமாக ஒரு பெண். "அக்கா, நம்ம கடை கார்டு வாங்கிக்கோங்க. எது வாங்கினாலும் புள்ளி வரும்" என்றாள். மற்றவர்கள் வேண்டாம் என்று கையை ஆட்டிவிட்டுப் போய்க்கொண்டே இருந்தார்கள். நான் நின்றேன். அக்கா என்று கூப்பிட்டுவிட்டாளே. கொஞ்ச நாளில் கார்டு வீட்டுக்கு வந்தது. ஊதா நிறம். என் பெயர் அதில் புடைப்பாக, எழுத்து எழுத்தாக. விரலால் தடவிப் பார்த்தேன். என் பெயரை நானே தொட்டுப் பார்த்தது அன்றைக்குத்தான்.

அதற்குப் பிறகு நான் தரையில் நடக்கவே இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். சோப்பு வாங்கினால் புள்ளி. துடைப்பம் வாங்கினால் புள்ளி. செவ்வாய்க்கிழமை வாங்கினால் இரண்டு மடங்கு. அந்தப் பெண்ணுக்கு நான் புள்ளிப் பெண் என்று பெயர் வைத்தேன். என்னை வாசலில் பார்த்ததுமே, "அக்கா, இன்னிக்குத் தலையணைக்கு மூணு மடங்கு!" என்று குரல் கொடுப்பாள். எங்கள் வீட்டில் இருப்பது இரண்டு தலை. தலையணை எத்தனை என்று கேட்காதீர்கள்.

முதலில் சாதாரணக் கார்டு. பிறகு வெள்ளி. பிறகு தங்கம். ஒருவர் மேலே ஏறினால் புள்ளிப் பெண் மேஜை மேல் இருக்கிற பித்தளை மணியை அடிப்பாள். அந்த மாடியில் இருக்கிற எல்லாரும் கை தட்டுவார்கள். துணி மடிக்கிறவர்கள், பில் போடுகிறவர்கள், செருப்பு போட்டுப் பார்த்துக்கொண்டிருக்கிற யாரோ ஒருவர்கூட ஒற்றைச் செருப்போடு நின்று கை தட்டுவார். எனக்குத் தங்கம் கிடைத்தபோது அப்படித் தட்டினார்கள், மேடம். பள்ளிக்கூடத்தில் என் காலம் முழுக்க ஆண்டு விழாவுக்குக் கை தட்டியவள் நான். எனக்காக யாரும் தட்டியதில்லை. வீட்டுக்கு எப்படி வந்தேன் என்றே தெரியவில்லை. பேருந்தில் நடத்துனருக்கு நன்றி சொன்னேன்.

அந்தப் புள்ளிகளை நான் செலவழித்ததில்லை. செலவழித்தால் குறைந்துவிடுமே. ஒரு தடவை ஒரு பெரியவர் மேஜைக்கு வந்து, தன் புள்ளியெல்லாம் காலாவதியாகிவிட்டது, இது பகல் கொள்ளை என்று கத்தினார். புள்ளிப் பெண்ணுக்குக் கண் கலங்கிவிட்டது. நான்தான் போய், "சார், பின்பக்கம் சின்ன எழுத்துல போட்டிருக்காங்க. நீங்க படிக்கலைன்னா அதுக்கு நம்ம கடை என்ன பண்ணும்?" என்று கேட்டேன். அவர் கார்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டே போய்விட்டார். நம்ம கடை என்று அன்றைக்குத்தான் முதல் தடவையாகச் சொன்னேன். வாய்க்கு அவ்வளவு பொருத்தமாக இருந்தது.

என் கணவரைப் பற்றிக் கேட்டீர்கள். நல்ல மனிதர். அதில் எனக்கு ஒரு மாற்றுக் கருத்தும் இல்லை. மின்சாதனங்கள் பழுது பார்க்கிறவர். வீட்டு முன்னறைதான் பட்டறை. ஊரே தூக்கிப் போட்டதை எடுத்து உயிர் கொடுத்து அனுப்புவார். எங்கள் வீட்டில் எந்தப் பொருளுக்கும் சாவு கிடையாது. கல்யாணத்துக்கு வந்த மின்விசிறி இன்னும் சுற்றிக்கொண்டிருந்தது. அதில் அந்த மின்விசிறியின் பாகம் என்று ஒரு திருகாணிகூட மிச்சம் இருந்திருக்காது, ஆனாலும் சுற்றியது.

தங்கத்துக்கு மேலே வைரம். வைர வாடிக்கையாளருக்குத் தனி அறை, மெத்தென்ற சோபா, பூங்கொத்து, சுவரில் படம். ஆனால் துடைப்பமும் தலையணையும் வாங்கி வைரத்துக்குப் போக முடியாது. பெரிய பொருள் வாங்க வேண்டும். பெரிய பொருள் வாங்க வேண்டுமானால் இருப்பது கெட்டுப்போக வேண்டும்.

கெட்டிலைத் தண்ணீர் இல்லாமல் காயவிட்டேன். அவர் சாப்பிட்டு எழுந்து கை கழுவுகிற நேரத்துக்குள் சரி செய்துவிட்டார். கீழே போட்டேன். உடைந்த கைப்பிடிக்குப் பதிலாக ஒரு கரண்டிக் காம்பை வளைத்து மாட்டி, "இப்பதான் பிடிக்க வாகா இருக்கு" என்றார். இஸ்திரிப் பெட்டியின் வயரைக் கத்தரித்தேன். எலி என்று நினைத்தார். எலிப்பொறி வாங்கச் சொன்னார். அதை நம்ம கடையில்தான் வாங்கினேன், அது வரைக்கும் லாபம். ரேடியோவில் காப்பி ஊற்றினேன். அதைப் பிரித்து, வெயிலில் காயவைத்து, திரும்பப் பூட்டினார். முன்னைவிடத் தெளிவாகப் பாடியது. ஒவ்வொரு தடவையும் சிரித்துக்கொண்டே என்னிடம் கொண்டுவந்து காட்டுவார். "என் கை இருக்கிற வரைக்கும் உனக்குக் கவலையே இல்லம்மா" என்பார்.

அதை அவர்தான் சொன்னார், மேடம். நான் சொல்லவில்லை.

பின்கட்டில் ஒரு பழைய வாஷிங் மெஷின். பிளக் அடிக்கடி கருகுகிறது என்று சுவரிலிருந்தே நேராக வயர் கொடுத்திருந்தார். ஒரு நாள் அது நின்றது. என் உபயம்தான். அவர் மெயினை அணைத்துவிட்டு, பின்மூடியைக் கழற்றி, கையை உள்ளே விட்டிருந்தார். நான் முன்னறைக்கும் பின்கட்டுக்கும் நடுவில் இருக்கிற நடையில் வந்தேன். இருட்டாக இருந்தது. மெயின் சுவிட்ச் கை எட்டுகிற தூரத்தில் இருந்தது. போட்டேன். பெரிய சத்தம் ஒன்றும் இல்லை. பிறகு அணைக்கவும் செய்தேன். ஆம்புலன்ஸுக்கும் நானே போன் செய்தேன். அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

உயிருக்கு ஒன்றும் இல்லை. வலது கை விரல்கள் மடங்கவில்லை, அவ்வளவுதான். ஆஸ்பத்திரியிலிருந்து வந்து கட்டிலில் உட்கார்ந்தவர் மடங்காத விரல்களை இடது கையால் நீவிப் பார்த்தார். பிறகு, "எனக்கு மறதி வந்துடுச்சும்மா. மெயினை அணைச்சேன்னே நினைச்சேன். இத்தனை வருஷத்துல ஒரு தடவைகூட மறந்ததில்லை" என்றார். நான் பக்கத்தில் உட்கார்ந்து அந்தக் கையைத் தடவிக் கொடுத்தேன். "வயசானா எல்லாருக்கும் வர்றதுதாங்க" என்று ஆறுதல் சொன்னேன். யாராவது சொல்ல வேண்டாமா?

அதற்குப் பிறகு வந்த மாதங்கள்! வாஷிங் மெஷின், ஃபிரிட்ஜ், மின்விசிறி, அடுப்பு. வேன் வந்து நிற்கும். பக்கத்து வீட்டு ஜன்னல்கள் திறக்கும். அட்டைப்பெட்டியைப் பிரிக்கும்போது வருகிற அந்த வாசனை இருக்கிறதே, அதைப் பாட்டிலில் அடைத்து விற்றால் வாங்கி வைத்துக்கொள்வேன். நான் வீட்டுக்குள் பாடிக்கொண்டே திரிந்தேன். அவர் கட்டிலில் இருந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு நாள், "உனக்குப் புதுசுன்னா இவ்வளவு பிடிக்குமா? ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா? நானே வாங்கித் தந்திருப்பேனே" என்றார்.

அவர் வாங்கித் தருவாராம். அவர் வாங்கினால் புள்ளி யார் பெயரில் வரும்?

கை சரியாக வேண்டுமென்றால் ரப்பர் பந்தை அழுத்திப் பழக வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். பந்தை நம்ம கடையில் நான்தான் வாங்கி வந்தேன். யோசித்துப் பார்த்தால், இந்த விஷயத்தில் நான் செய்த தப்பு அது ஒன்றுதான். அவர் ஓயாமல் அழுத்தினார். முதலில் சுண்டு விரல் மடங்கியது, பிறகு எல்லாம். ஒரு நாள் பக்கத்து வீட்டுக் கடிகாரத்தைச் சரி செய்து கொண்டுவந்து குழந்தை மாதிரி என் முகத்துக்கு முன்னால் ஆட்டினார். இனிமேல் மெயினை மட்டும் நம்ப மாட்டேன் என்று புதிதாக ஒரு வழக்கம் வைத்துக்கொண்டார். வீட்டில் வயரைத் தொடுவதற்கு முன்னால் ஃபியூஸ் கட்டையையே பிடுங்கிச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொள்வார். பையைத் தட்டிக் காட்டி, "இனி மறதி வந்தாலும் ஒண்ணும் பண்ண முடியாது" என்று சிரிப்பார்.

வீட்டில் கூடுதலாக ஒரு ஃபியூஸ் கட்டை இருக்கட்டுமே என்று தோன்றியது. தெருமுனைக் கடையில் மலிவு. ஆனால் அங்கே என்ன கிடைக்கும்? ஒரு புள்ளி கிடைக்குமா? நம்ம கடை மூன்றாவது மாடியில் வாங்கி, கார்டைக் கொடுத்தேன். புள்ளிப் பெண் சிரித்தாள். "என்னக்கா, இந்த வேலையும் நீங்களே பார்க்க ஆரம்பிச்சுட்டீங்களா?" அதைத்தான் உங்களிடம் சொல்லியிருக்கிறாள் போலிருக்கிறது. எனக்கு அவள்மேல் வருத்தமே இல்லை. உண்மையைத்தானே சொன்னாள்.

அன்றைக்கு வருஷக் கணக்கு முடிகிற நாள். அன்று விட்டால் எல்லாம் பூஜ்யத்திலிருந்து தொடங்கும். வைரத்துக்கு இன்னும் ஒரே ஒரு பெரிய பொருள் பாக்கி. வீட்டில் பழசு என்று மிச்சம் இருந்தது குளியலறைச் சுவரில் இருந்த வெந்நீர் ஹீட்டர்தான். மதியத்துக்கு மேல் அது தானாகவே நின்றுபோனது. நான் தொடவே இல்லை, மேடம், நம்புங்கள். எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை. உடனே புள்ளிப் பெண்ணுக்குப் போன் செய்து, "வர்றேன், மணியைத் துடைச்சு வை" என்று சொல்லிவிட்டேன். திரும்பிப் பார்த்தால் அவர் முக்காலியும் திருப்புளியுமாக நிற்கிறார்.

"என்னங்க, விடுங்க. புதுசு வாங்கிக்கலாம்."

"தாராளமா வாங்கிக்கோ. நான் தடுக்கவே இல்ல. ஒரு தடவை மட்டும் திறந்து பாத்துடறேன். பெரிய வேலைக்கு என் கை திரும்பி வந்துடுச்சான்னு தெரியணும்" என்றார். பையைத் தட்டிக் காட்டினார். முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம்.

இப்போது நீங்களே சொல்லுங்கள். திறந்தால் சரி செய்துவிடுவார். சரியாகிவிட்ட ஹீட்டரை வைத்துக்கொண்டு இன்னொரு ஹீட்டர் வாங்க யாருக்காவது மனசு வருமா? நான் ஊதாரி இல்லை.

அவர் முக்காலியில் ஏறினார். நான் நடைக்குப் போனேன். போர்டில் புதுக் கட்டையைச் செருகினேன். சின்ன வேலை. மெயினை ஏற்றினேன். முக்காலி சரிகிற சத்தம் கேட்டது.

கடைக்குப் போனேன். ஹீட்டர் வாங்கினேன், வெள்ளை நிறம், வளைந்த மூலைகள். புள்ளிப் பெண் மணியை அடித்தாள். மேல்மாடியிலிருந்தெல்லாம் எட்டிப் பார்த்துக் கை தட்டினார்கள். மேலாளரே வந்து பூங்கொத்து கொடுத்தார். சோபாவில் உட்கார வைத்துப் படம் எடுத்தார்கள். அந்தப் படத்தைத்தானே இப்போது மேஜைமேல் வைத்திருக்கிறீர்கள்? நன்றாக விழுந்திருக்கிறேன். இவ்வளவு பல் தெரிய நான் சிரித்த படம் வேறு எதுவும் இல்லை. கல்யாணப் படத்தில்கூட இல்லை.

வீட்டுக்கு வந்து பார்த்துவிட்டு நன்றாகவே அழுதேன். அது நடிப்பு என்று என் நாத்தனார் சொல்கிறாளாம். இல்லை. அவர் போனது எனக்கு வருத்தம்தான். ஆஸ்பத்திரியில் கொடுத்த தன் அண்ணன் சட்டையை மடிக்கும்போது அவள்தான் பையில் கையை விட்டாள். "வீட்ல லைட் எரியுது. போர்டுல கட்டை இருக்கு. இங்கயும் ஒண்ணு இருக்கு. எப்படி அண்ணி?" என்றாள். நான் அவர் வேட்டியை எடுத்து மடித்தேன். அவள் நேராக உங்களிடம் வந்துவிட்டாள்.

சரி, எழுதிக்கொள்ளுங்கள். முதல் தடவை சுவிட்சைப் போட்டதும் நான்தான். இரண்டாவது தடவை கட்டையைச் செருகியதும் நான்தான். யாரும் தூண்டவில்லை.

உடனே கொண்டுவந்திருந்தால் பிழைத்திருப்பார் என்று டாக்டர் சொன்னதாகச் சொல்கிறீர்கள். கீழே கிடந்தபடி அவர் கூப்பிட்டாரா என்று கேட்கிறீர்கள். கூப்பிட்டார். என் பெயரைச் சொல்லித்தான். நான் வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தேன். அதற்காக நான் பாட்டுக்குப் போய்விட்டேன் என்று எழுதிவிடாதீர்கள், மேடம். "இதோ வந்துட்டேங்க" என்று குரல் கொடுத்துவிட்டுத்தான் கதவைச் சாத்தினேன். அவரிடம் சொல்லாமல் நான் எங்கேயும் போனதே இல்லை.