பொட்டு வெச்ச பக்கம்

...இல்லம்மா, செருப்பக் கழட்டிட்டு வாங்க, ஆனா பாத்து வாங்க. தரைல நாடா ஒட்டியிருக்கு பாருங்க, அது மேல கால் படக்கூடாது. பட்டா என்னவா? இப்ப ஒண்ணும் ஆகாது. போன வாரம் வரைக்கும் பட்டிருந்தா வீட்ல கொலையே விழுந்திருக்கும். நீலம் போட்டது அவர் நாற்காலிக்கால். மஞ்சள் போட்டது மைக் ஸ்டாண்டு. அந்தச் செவப்பு நான். ஆமா, எனக்கும் ஒரு கோடு. அவர் வாசிக்கும்போது நான் அதத் தாண்டி இந்தப் பக்கம் வரக்கூடாது, அடுப்படியோட நிக்கணும். கல்யாணமாகி முப்பத்தோரு வருஷம் கழிச்சு எனக்குக் கெடச்ச மரியாதை.

உக்காருங்க. அதுல வேணாம், அது கிறீச்சுங்கும்... அட, பழக்கதோஷம். உக்காருங்க, கிறீச்சுன்னா கிறீச்சுன்னுட்டுப் போகட்டும். விளம்பரம் குடுத்தது அவர்தான். மைக்கு, ஸ்டாண்டு, ஒயரு, அந்தச் சின்னப் பொட்டி எல்லாம். "வர்றவங்களுக்கு நீயே காட்டிரு"ன்னுட்டு முடி வெட்டிக்கப் போயிட்டாரு. தலைல இருக்கிறது நாலு முடி, அதுக்கு ரெண்டு மணி நேரம். விக்கிறதப் பாக்க மனசு வரலன்னு சொன்னா வாய் வெந்துருமா?

நீங்க எதுக்கு வாங்குறீங்க? ஓ, கதை படிச்சுப் பதிவு பண்றீங்களா. நிம்மதி. ஒங்க வாய் எங்க இருக்குன்னு ஒங்களுக்குத் தெரியும், அதுக்கு முன்னாடி வெச்சாத் தீந்துது. கிடாருக்கு வாய் எங்கம்மா? நான் என்ன நெனச்சேன், நடுவுல இம்மாம் பெரிய ஓட்டை இருக்கே, அதுக்கு நேரா வெக்கிறதுதானேன்னு. வாய விட்டுச் சொல்லியும் தொலச்சேன். ஏதோ சாமி சிலைய சைக்கிள் ஸ்டாண்டுல நிறுத்தச் சொன்ன மாதிரி பாக்குறாரு. ஓட்டைக்கு நேரா வெச்சா குடத்துக்குள்ள தலைய விட்டுப் பேசுன மாதிரி கும்முனு இருக்குமாம். கழுத்துல கட்டம் கட்டமா போட்டிருக்கே, அதுல பன்னெண்டாவது கட்டத்துக்கு நேரா, ஒரு சாண் தள்ளி வெக்கணுமாம். சரி, யாரோட சாண்? இவரோடதா, இத சொன்ன சவுண்டு அண்ணனோடதா? அந்த ஆராய்ச்சியிலயே ஒரு வாரம் போச்சு. கடைசில என் தையல் மெஷின் டப்பாலேர்ந்து டேப்ப எடுத்துட்டுப் போயி அளந்தாரு. அந்த டேப் இப்ப எங்கன்னு அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. கீழ் வீட்டம்மா சட்டைய கண்ணளவுலதான் வெட்டிக் குடுத்தேன். அவங்க இப்பல்லாம் என்னப் பாத்தா மூச்ச இழுத்துப் புடிச்சுட்டுப் போறாங்க.

சவுண்டு அண்ணன்னா, இவர் இருந்த கச்சேரிக் குழுவுல மைக்கு, ஸ்பீக்கரெல்லாம் பாத்துக்கிட்டவரு. இவரு பஸ் டிரைவரும்மா. லீவு நாள்ல கச்சேரி. முன்னாடி பாடுறவங்க நிப்பாங்க. அவங்களுக்குப் பின்னாடி கீபோர்டு, அதுக்குப் பின்னாடி ட்ரம்ஸு, ட்ரம்ஸுக்கும் பின்னாடி ஒரு ஸ்டூலு. அந்த ஸ்டூல்ல இவரு. இருபத்தாறு வருஷம். அத்தன வருஷமும் இவர் வாசிச்சத இவர் ஒருத்தர்தான் கேட்டிருக்காரு. நானும் போயிருக்கேன், மொத வரிசையில உக்காந்திருக்கேன். கை ஆடுறது தெரியும், அவ்வளவுதான்.

ஆனா வலது கை நகத்த மட்டும் வெட்ட மாட்டாரு. நகத்தாலதான் மீட்டணுமாம். ஸ்டீயரிங் புடிக்கிற கைல பொம்பள நகம். கண்டக்டருங்க எல்லாம் "மாப்ள, பாலிஷ் எப்பப் போடப் போறீங்க"ன்னு கிண்டல் பண்ணுவாங்க. சிரிச்சுக்கிட்டே ராவிக்கிட்டு இருப்பாரு.

ரிட்டயர் ஆனாரா. சும்மா இருந்திருக்கலாம். எம்பொண்ணு வெளியூர்ல இருக்கா, கைக்கொழந்தைக்காரி. போன்ல சொல்றா, "அப்பா, இவ தூங்கவே மாட்டேங்குறா. சின்னதுல நான் அடம் புடிச்சா ஒண்ணு வாசிப்பீங்களே, அதப் பதிவு பண்ணி அனுப்புங்களேன்." அது யாரோ போட்ட பாட்டு இல்லம்மா. இவரே போட்டது. அதுக்குப் பேருகூடக் கெடையாது. ஆயுசுல மொத தடவையா ஒருத்தி இவர் வாசிக்கிறதக் கேக்கணும்னு கேட்டுட்டா. அவ்வளவுதான், மனுஷனுக்குத் தரைல கால் பாவல. போன்லயே வாசிச்சு அனுப்பிருங்களேன்னு நான் சொன்னேன். அன்னிக்கு மத்தியானம் மனுஷன் சாப்பிடல.

அப்ப வந்ததுதான் இந்த மகராசி. புதுசு வாங்கக் கட்டுப்படியாகாது, பழசு. பேரெல்லாம் அழிஞ்சு, ரெண்டு பக்கமும் ஒரே வலை, சோளக்கதிர் மாதிரி. இது ஒரு பக்கம்தான் ஒழுங்காக் கேக்குமாம், முதுகுப் பக்கம் செவிடாம். சவுண்டு அண்ணன் வந்து ரெண்டு பக்கமும் பேசிப் பாத்து, "இதான் மூஞ்சி, மாத்திராதீங்க"ன்னாரு. இவர் என்ன பண்ணாரு தெரியுமா, கண்ணாடில நான் ஒட்டி வெச்சிருந்த ஸ்டிக்கர் பொட்ட எடுத்து அந்தப் பக்கத்துல ஒட்டிட்டாரு. இருக்கு பாருங்க, செவப்பா. பொட்டு இவரப் பாத்துக்கிட்டு இருந்தா சரியாம். எனக்கு இத்தன வருஷத்துல ஒரு பொட்டு ஒட்டி விட்டதில்ல. சக்களத்தி வந்த மறுநிமிஷம் நெத்தில வெச்சாச்சு.

அதுக்கப்புறம் வீட்ல சட்டம் என்ன, திட்டம் என்ன. ஃபேன் போடக்கூடாது. கடிகாரம் டிக் டிக்குங்குதுன்னு எடுத்து அலமாரில துணிக்கு அடியில வெச்சாச்சு. வளையல் போடக்கூடாது. ஃபிரிட்ஜு உறுமுதுன்னு நிறுத்துவாரு, நிறுத்துறவருக்குத் திரும்பப் போட ஞாபகம் இருக்காது. மூணு தடவ பால் திரிஞ்சு போச்சு. செவுத்துல எல்லாம் போர்வை. வெளிய வெயில் கொளுத்துது, உள்ள செவுரு போத்திக்கிட்டு நிக்குது. மைக்க நான் தொடவே கூடாது. நான் ஏம்மா தொடப்போறேன்? தொடல.

இவ்வளவும் பண்ணிப் பதிவு பண்ணதக் கேட்டா, கிடாரு எங்கயோ கெணத்துக்குள்ளேர்ந்து வருது. அடுப்படில நான் கரண்டி போட்டது மட்டும் டங்குன்னு காதுக்குள்ள விழுது. எங்கக்காகிட்ட போன்ல இவரப் பத்தி மெதுவா, ரொம்ப மெதுவாத்தான், நாலு வார்த்த சொல்லியிருந்தேன். அது ஒரு எழுத்து பிசகாம வந்திருக்கு. "தண்டம்"னு சொன்னது ரொம்பத் தெளிவு.

மைக்க ஒரு சாண்லேர்ந்து ரெண்டு சாணுக்குத் தள்ளுனாரு. ஏத்துனாரு, எறக்குனாரு. பன்னெண்டாவது கட்டத்துலேர்ந்து பதினாலுக்குப் போனாரு. நாற்காலிய மூலைக்கு மாத்துனாரு, மூலை ஆகாதுன்னு நடுவுக்கு வந்தாரு. சவுண்டு அண்ணன் முட்டி ஆபரேஷன்னு படுத்துட்டாரு, அவர் போன்ல சொல்லச் சொல்ல இவர் தரைல நாடா ஒட்டுறாரு. ரெண்டு மாசம். எப்பிடி வெச்சாலும் பொட்டு மட்டும் இவரப் பாத்தே இருக்கும், அதுல தப்பே வராது. கடைசில உள்ளதுல நல்லதா ஒண்ண அனுப்பி வெச்சோம். பொண்ணு என்ன பதில் போட்டா தெரியுமா? "அம்மா பேசுறது பக்கத்துல உக்காந்து பேசுற மாதிரி இருக்கு, அப்பா எந்த வீட்ல வாசிக்கிறாரு?" வெளையாட்டாத்தான் கேட்டா.

இவர் அத வெளையாட்டா எடுத்துக்கல. "ஒரு சாண் தூரத்துல வாசிக்கிறேன், அது கேக்கல. பதினஞ்சு அடி தள்ளி நின்னு நீ முணுமுணுக்கிறது கேக்குது. மைக்குல கோளாறு இல்ல, என் கை செத்துப்போச்சு"ன்னாரு. நான் சும்மா இருந்திருக்கலாம்ல? மூணாவது தடவ பால் திரிஞ்ச கடுப்பு. "ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம், நீங்க மட்டும்தான் கூடம் சரி, எனக்குத்தான் ஆடத் தெரியலன்னு ஒத்துக்கிட்டீங்க"ன்னு சொல்லிட்டேன். கொஞ்ச நேரம் கழிச்சு வந்து பாத்தா, இந்த ஜன்னலோரமா பேப்பர விரிச்சு உக்காந்து நகம் வெட்டிக்கிட்டு இருக்காரு. வலது கை நகம். அஞ்சையும். அப்புறம் பேப்பர மடிச்சுக் குப்பையில போட்டுட்டு, கிடார பொட்டில வெச்சுக் கட்டிலுக்கு அடியில தள்ளிட்டாரு. அதப் பாத்துட்டு நான் என்ன சொன்னேன்? "போனாப் போகுது விடுங்க, வயசாச்சுல்ல"ன்னேன். இந்த வாய்ல வசம்பத்தான் வெச்சுத் தேக்கணும்.

மாட்டிப் பாக்கணுமா? தாராளமா. ஒயர் அங்க இருக்கு. ஹெட்ஃபோன் நீங்களே கொண்டாந்திருக்கீங்களா, ரொம்பச் சரி. பொட்டு ஒங்கள பாக்கட்டும். ம், பேசுங்க.

என்னம்மா, மூஞ்சி ஒரு மாதிரி போகுது? ரிப்பேரா? எதுக்கு எந்திரிச்சு அந்தப் பக்கம் போறீங்க... அங்க என்ன பேசுறீங்க... என்ன தலையாட்டுறீங்க?

எனக்கா? நான் எதுக்கு, எனக்கு இதெல்லாம்... சரி, குடுங்க, காதுல மாட்டிக்கிறேன். ம். பொட்டுப் பக்கம் பேசுங்க. ஆமா, கெணறு. இவர் வாசிச்ச அதே கெணறு. இப்ப அந்தப் பக்கம் பேசுங்க.

...

ஏம்மா, அப்ப பொட்டு இருக்கிறது முதுகா? ரெண்டு மாசமா இது முதுகக் காட்டிக்கிட்டா இருந்துச்சு? மூஞ்சி எங்க பாத்துச்சு... அடுப்படிய.

சவுண்டு அண்ணன் தப்பாச் சொல்லியிருப்பாரு. ஆள் நல்லவருதான், காது கொஞ்சம்... இல்லயே. பொட்டு ஒட்டுன அன்னிக்குச் சோதனைக்கு நாலு வரி வாசிச்சுக் கேட்டாங்களே, நல்லாத்தானே இருந்துச்சு. இவர் கண்ணுகூடக் கலங்கிச்சு. மறுநாள்லேர்ந்துதான் கெணறு. மறுநாள் என்ன...

ஐயோ.

இருங்க, எந்திரிக்காதீங்க, இத நான் யார்கிட்டயாவது சொல்லியாகணும். ஒரே ஒரு தடவ தொட்டேன்மா. தூசி. ஒரு ஒட்டடை நூலு வேற தொங்குச்சு, கண்ணு பொறுக்கல. ஸ்டாண்டுலேர்ந்து கழட்டி ஈரத்துணியால சுத்தித் தொடச்சேன், துணியோட பொட்டும் வந்துருச்சு. தொட்டது தெரிஞ்சா ஊரக் கூட்டுவாரேன்னு பயம். என் நெத்தில இருந்தத எடுத்து அழுத்தி ஒட்டிட்டேன். எந்தப் பக்கம்னு யாரு பாத்தா? ரெண்டும் ஒரே வலை. சாயங்காலம் அவர் வந்து பொட்டப் பாத்து நேரா திருப்பி வெச்சுக்கிட்டாரு. திருடனுக்குத் தேள் கொட்டுன மாதிரி நான் கமுக்கமா இருந்துட்டேன். அப்புறம் மறந்தே போச்சு.

கூடம் கோணல்தான்மா. கோணலாக்குனவளே நின்னு பழமொழி சொல்லியிருக்கேன். அத நம்பி அந்த மனுஷன் நகத்த வெட்டிட்டாரு.

இல்ல, விக்கல. கோவிச்சுக்காதீங்க, இவ்வளவு தூரம் வரவெச்சுட்டு. போர்வை வேணா எடுத்துக்குங்க, ஸ்டாண்டு வேணா... இல்ல, ஸ்டாண்டு வேணும். ஒரு ஒதவி பண்றீங்களா, அவர் வந்ததும் நீங்களே சொல்றீங்களா? ஏதோ பழைய மைக்கு, உள்ள தானாத் திரும்பிக்கிச்சுன்னு... அது நடக்காதா? நடந்தா என்னவாம் அதுக்கு. நகம் வளர எத்தன நாளாகும்மா? ஒரு மாசம்? பாப்பா அதுக்குள்ள ஓட ஆரம்பிச்சிராது. இருங்க, காப்பி போடுறேன், எங்க கெளம்புறீங்க... அம்மா... நாடா, நாடா மேல... சரி, மிதிச்சுட்டே போங்க.

நல்ல ஆளு. படியில இவரு எதிர்லயே வந்துட்டாரு, அந்தம்மா ஒரு வார்த்த சொல்லிட்டுப் போயிருக்கலாம்.

வாங்க. முடி வெட்டுனதே தெரியல. அவங்க போயிட்டாங்க. இல்ல, விக்கல. வெலையில ஒண்ணும் இல்ல. அந்தக் கிடாருப் பொட்டிய வெளிய இழுங்க, சொல்றேன். நகம் இல்லாட்டி என்ன, வெரலால சும்மா தட்டுங்க. செவப்புக் கோட்டுக்கு இந்தப் பக்கம் நிக்கிறேன்தான், இன்னிக்கு ஒரு நாள் நிக்கிறேன். மைக்கத் திருப்பி வெச்சிருக்கேன்... ஆமா, பொட்டு அந்தப் பக்கம் பாக்குது, நான்தான் திருப்புனேன். கத்துறத அப்புறம் மொத்தமாக் கத்துங்க. மொதல்ல ஒங்க ஹெட்ஃபோனக் காதுல மாட்டிக்கிட்டு ஒரு தடவ மீட்டுங்க. கெட்டது ஒங்க கை இல்லங்க. என் கை.