அக்கா பெயருக்கு வந்த தபால்

தபால்பெட்டியைத் திறந்தால் வேண்டாத காகிதம் காலில் கொட்டக் கூடாது என்று நினைப்பது பேராசையா? நீங்களே சொல்லுங்கள், ஐயா.

கொட்டியதெல்லாம் அக்கா பெயருக்கு வந்தவை. மெத்தை, மூக்குக்கண்ணாடி, மூட்டுவலித் தைலம். எப்போதோ ஒரு பரிசுக் கூப்பனை நிரப்பி அனுப்பியதன் பலன். எனக்கு எரிச்சல், அவளுக்கோ கொண்டாட்டம். காபி ஆறுவதுகூடத் தெரியாமல் ஒவ்வொன்றாகப் படிப்பாள்.

"தம்பி, ரெண்டு மெத்தை வாங்கினா ஒரு தலையணை சும்மாவாம்டா."

"ரெண்டு மெத்தையை எங்கே போடுறதுக்கா, உன் தலையிலயா?"

சாப்பாட்டு மேசையில் தட்டு வைக்க இடமில்லை. 'விளம்பரம் போடாதீர்கள்' என்று பெட்டியில் எழுதி ஒட்டினேன். அதன் மேலேயே பூச்சிமருந்துக்காரன் ஒருவன் தன் ஸ்டிக்கரை ஒட்டிவிட்டுப் போனான்.

விளம்பரக் கம்பெனிக்குப் போன் செய்தேன். ஒரு பெண் மரியாதையாகத்தான் பேசினாள்.

"உயிரோட இருக்கறவங்க பேரை எடுத்தாலும் திரும்ப வந்துடும் சார். தவறிட்டாங்கன்னா மட்டும்தான் ஒரேயடியா எடுப்போம். எங்களோட சேர்ந்த எல்லா இடத்துக்கும் தகவல் போயிடும்."

"தவறிட்டாங்க," என்றேன். அக்கா பக்கத்து அறையில் தும்மிக்கொண்டிருந்தாள். அந்தப் பெண் அனுதாபம் வேறு சொன்னாள்.

சீக்கிரமே பெட்டி சுத்தமாகிவிட்டது. அக்காதான் வாடிப்போனாள். "என்னை எல்லாரும் மறந்துட்டாங்கடா" என்று புலம்புவாள். பாவமாகத்தான் இருந்தது.

அவளுடைய இதய மாத்திரையும் தபாலில்தான் வரும். அதுவும் நின்றது. மருந்துக் கம்பெனியும் அந்த 'எல்லா இடங்களில்' ஒன்று என்பது அப்போதுதான் தெரிந்தது. அவள் உயிரோடு இருக்கிறாள் என்று ஒரு போன் செய்திருக்கலாம். செய்தால் மெத்தைக்காரன் திரும்பி வருவான், தைலக்காரன் வருவான். பட்ட பாடெல்லாம் வீணாகிவிடும். நான் செய்யவில்லை.

முட்டிவலியால் அவள் படி இறங்குவதில்லை. பெட்டிச் சாவி என்னிடம் இருந்தது.

"மாத்திரை வந்துச்சாடா?"

"வந்துட்டே இருக்குக்கா."

சரி என்று தலையாட்டுவாள். என்னை ஒருநாளும் சந்தேகப்பட்டதில்லை.

ஒருநாள் காலையில், பழைய மெத்தை விளம்பரம் ஒன்றை மடியில் வைத்தபடி நாற்காலியிலேயே போய்விட்டாள். அந்தக் காகிதத்தை முதலில் குப்பையில் போட்டேன். பிறகுதான் டாக்டரைக் கூப்பிட்டேன்.

கொலை என்கிறீர்கள். என் விரல்கூட அவள் மேல் படவில்லை. அவளுக்கு மாத்திரை வராமல் செய்தேன், போவாள் என்று தெரிந்தே செய்தேன், எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் பொய் சொன்னேன் என்று மட்டும் எழுதாதீர்கள். அக்கா தவறிவிட்டாள் என்றேன்; தவறிவிட்டாள். தகவலைக் கொஞ்சம் முந்திக் கொடுத்துவிட்டேன், அவ்வளவுதான்.