அவள் அணைக்காத கற்பூரம்

எனக்குப் புளிசோறு என்றால் உயிர் ஐயா. என் மனைவி தனம் நன்றாகச் செய்வாள். ஆனால் திண்டிவனத்தில் வேணு முதலாளியின் நகைக்கடையில் விற்பனையாளராக இருந்த இத்தனை வருஷத்தில் ஒருநாளும் அதை நான் கொண்டுபோனதில்லை. கடை அடைக்கும்போது அவர் வேலையாட்களின் டிபன் பாக்ஸைத் திறந்து, மிச்சச் சோற்றை விரலால் கிளறிப் பார்ப்பார். திருட்டுக்குப் பயந்த மனிதர், அது தப்பில்லை. பிறகு அந்த விரலை என் தோள்துண்டில் துடைப்பார். அதில்தான் எனக்கு வயிறெரிந்தது.

ஒலக்கூர்ப் பக்கத்திலிருந்து வேலைக்கு வந்த இருதயமேரி மட்டும்தான் தட்டிக்கேட்டாள். "சாப்புடுற சோத்துல ஏன் மொதலாளி கைய வெக்கிறீங்க? அண்ணன் எத்தினி வருஷமா இங்க இருக்காரு." ஒரு சின்னப் பெண் எனக்காகப் பரிந்து பேசியது எனக்குக் கேவலமாக இருந்தது.

அந்த ஐப்பசியில் பின்கதவுத் தாழ்ப்பாளைப் போடாமல் வந்தேன். மற்றதை என் மச்சான் சேரன் பார்த்துக்கொண்டான். எந்தப் பூட்டும் உடையவில்லை, உள்ளாள் வேலை என்று போலீஸ் சொன்னது. சரியாகத்தான் சொன்னது.

கற்பூரம் ஏற்றி ஒவ்வொருவரையும் அதை அணைத்துச் சத்தியம் பண்ணச் சொல்லுங்கள் என்று முதலாளிக்கு யோசனை சொன்னவன் நான். வெள்ளிக்கிழமை பூஜைத் தட்டு வந்தாலே கிறிஸ்தவப் பெண்ணான இருதயமேரி ஒதுங்கி நிற்பது எனக்குத் தெரியும். நானே முதலில் போய் உள்ளங்கையால் தட்டி அணைத்தேன். மறுபடி ஏற்றினார்கள். அவள் முறை வந்தது.

"நாங்க வேதக்காரங்க, இத்த தொட மாட்டோம். நான் எடுக்கல மொதலாளி, அவ்ளோதான்."

"எடுக்காதவளுக்கு இன்னாம்மா பயம்?" என்றேன்.

முதலாளி அவள் பேரைப் போலீஸில் கொடுத்தார். ஸ்டேஷனில் அவளை என்ன செய்தார்கள் என்று நான் விசாரிக்கவில்லை. திரும்பி வந்தவள் மல்லாட்டைச் செடிக்கு அடிக்க வைத்திருந்த பூச்சிமருந்தைக் குடித்துவிட்டாள். அடக்கத்துக்குப் போனேன். "கடையிலேர்ந்து நீ ஒருத்தன்தான் தம்பி வந்த" என்று அவள் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

சேரன் பிடிபட்டு என் பேரைச் சொல்லிவிட்டான். கதவைத் திறந்து வைத்தது நான்தான், ஒத்துக்கொள்கிறேன். அவள் சாவை மட்டும் என் தலையில் கட்டாதீர்கள் ஐயா. இன்றைக்கும் அவள்மேல் எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வருகிறது. ஒரு தட்டுத் தட்டியிருந்தால் போதுமே, திருடிய நானே தட்டினேனே.